பெரிய மாமா பச்சையான நாள்

வேண்டியவர்களுக்குச் செய்யும் வேலையில்தான் மனிதர்கள் பெரிய தப்பைச் செய்கிறார்கள். ஊரார் வேலையை வந்தது போதும் என்று முடித்துவிடுகிறோம். அது பெரும்பாலும் சரியாகவே வந்துவிடுகிறது. அக்கறை எடுத்துக்கொண்டால்தான் வினை. இதை என் கணவரின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, இறந்த அன்று தெரிந்துகொண்டேன்.

பெரம்பலூரில் ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். அப்போது கடையில் இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு, அதாவது மானிட்டருக்குப் படத்தை அனுப்பும் பலகை, சாகக் கிடந்தது. திரையில் கோடு கோடாக விழும். பாதி வேலையில் அப்படியே உறைந்து நிற்கும். கேபினெட்டின் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன் (கோடையில் கூடக் கஸ்டமருக்குக் காற்று கிடையாது, கார்டுக்குத்தான்). ரொம்பவும் படுத்தினால் கார்டைப் பிடுங்கி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவேன். சில நாள் ஓடும். சர்வீஸ் செய்பவர் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். முகூர்த்த மாதம் முடியட்டும் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

பெரிய மாமாவுக்குத் திருமானூர் பக்கம் விவசாயம். வீட்டு மருமகள் டவுனில் கடை போடுவதா என்று மொத்தக் குடும்பமும் முகத்தைச் சுளித்தபோது, திறப்பு விழாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அவர்தான். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

விடிந்ததும் போன் வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டதாம். சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். கணவர் உடனே கிளம்பினார். பேனரை அங்கேயே யாரிடமாவது அடித்துக்கொள்ளலாம் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பெரிய மாமாவுக்கு வேற யாரோ செய்யுறதா? நாந்தான் செய்வேன். நீங்க போங்க, நான் முடிச்சிட்டு வரேன்."

அழுதுகொண்டே கம்ப்யூட்டரைப் போட்டேன். கார்டுக்கு அன்றைக்கென்று புது வியாதி. திரை முழுக்க ஒரே ரோஸ் நிறம். மாமாவின் படத்தைத் திறந்தால் குங்குமத்தில் முக்கி எடுத்தவர் மாதிரி இருந்தார். இதே நிலையில் வேறு யாருடைய படமாவது வந்திருந்தால் நிறத்தைத் தொடாமல் பெயரையும் தேதியையும் போட்டு அனுப்பியிருப்பேன். இது மாமா. அவரை அவர் நிறத்திலேயே அனுப்ப வேண்டாமா? கோளாறு திரையில்தான், படத்தில் இல்லை என்பது அந்த அழுகையில் உறைக்கவில்லை. படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டே சிவப்பைக் குறைத்தேன், பச்சையைக் கூட்டினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, அந்த மாநிறம் சரியாக வரும்வரை விடவில்லை. (அதே படம் செல்போனில் நன்றாகத்தான் இருந்தது. சின்னத் திரையில் கலர் சரியாகத் தெரியாது என்று எனக்கு நானே பாடம் எடுத்துக்கொண்டேன்.)

அரியலூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் பஷீர் பாய்க்கு அனுப்பிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, முகம் கொஞ்சம் பச்சையா இருக்கேம்மா. அப்படியே போட்டுறவா?"

"உங்க மானிட்டரை மாத்துங்க பாய்," என்றேன்.

துக்க வீட்டுப் பெண்ணிடம் வாதாட வேண்டாம் என்று அவர் அப்படியே அடித்துவிட்டார். கணவரின் தம்பி அரியலூரில் பேனரைச் சுருட்டியபடியே வாங்கிக்கொண்டு நேராகத் திருமானூர் போய்விட்டான். நான் பஸ்ஸில் போனேன். அழுகைக்கு நடுவே சின்னதாக ஒரு பெருமையும் இருந்தது.

தெருமுனையில் இறங்கியதுமே பார்த்துவிட்டேன். சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, தெருவையே பார்த்துக்கொண்டு, நடவுக்கு நிற்கும் நாற்றின் பச்சையில் பெரிய மாமா நின்றார். வேட்டி பச்சை. பல் பச்சை. நெற்றிச் சந்தனம் குளத்துப் பாசி மாதிரி இருந்தது. கீழே, "கண்ணீரில் துடிக்கும் குடும்பத்தினர்" என்று நானே எழுதிய வரியில் என் பெயரும் இருந்தது.

சாவு வீட்டில் பேனரைப் பற்றி எப்படிக் கேட்பார்கள்? வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். கணவர் என் பக்கமே திரும்பவில்லை. பந்தலில் பேச்சு மட்டும் மெல்ல நகர்ந்தது. தூரத்து உறவு ஒருவர் என்னிடமே வந்து குனிந்து விசாரித்தார்.

"ஏம்மா, நெஞ்சுவலின்னாங்க. படத்தப் பாத்தா வெஷம் ஏறுன மாதிரில்ல இருக்கு. பாம்பு கீம்பு கடிச்சிடுச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாம்பு பந்தலைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டது. வயலில் மடை திறக்கும்போது கடித்ததாக ஒரு கூட்டம், வைக்கோல் போரில் என்று இன்னொரு கூட்டம். போலீஸுக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டார். மாமாவுக்கு நான் செய்த மரியாதை அவரை ஆஸ்பத்திரியில் அறுக்கும் வரை கொண்டு போய்விடும் போலிருந்தது.

உள்ளே மாமாவின் மனைவி பெரிய அத்தையின் ஒப்பாரி சட்டென்று நின்றது. தலைமாட்டிலிருந்து எழுந்து, யாரோ பிடித்துக்கொள்ள, வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டார். பேனரின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து கார்டு, ரோஸ் நிறம், பஷீர் பாய் என்று ஏதேதோ உளறினேன். கணவரின் தம்பி பேனரைக் கழற்ற ஏணியை எடுத்து வந்தான்.

அத்தை அவனைத் தடுத்தார். "கழட்டாத, இருக்கட்டும். நெஞ்சுவலியில போன மனுசன். பாம்பும் இல்ல பல்லியும் இல்ல. இந்தப் புள்ள கம்பூட்டருக்குத்தான் ஒடம்பு சரியில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அவர விட இவதான்டா செத்துப்போயி கெடக்கா. ஒரு சோடா வாங்கிக் குடு."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்கள். பச்சை முகத்தின் முன்னால்தான் மாமாவைத் தேரில் ஏற்றினோம்.

மறுவாரமே புது கம்ப்யூட்டர் வாங்கினேன். கருமாதிக்குச் சரியான நிறத்தில் பேனர் அடித்துக்கொண்டு போனால், இவர் யாரோ மாதிரி இருக்கிறார் என்று ஆளாளுக்குக் குறை சொன்னார்கள். இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது பத்திரிகை அடிக்க வேண்டுமென்றால், கறுப்பு வெள்ளையில் போதும் என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறார்கள். பஷீர் பாய் ஒவ்வொரு ஃபைலுக்கும் போன் செய்து, பணிவாகத் தன் மானிட்டரின் உடல்நிலையைச் சொல்கிறார்.

போன மாதம் பெரிய அத்தை கடைக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். தன்னைப் படம் எடுத்து, பேனருக்கு இப்போதே தயார் செய்து வைக்கச் சொன்னார். இருக்கும்போதே பார்த்துவிட்டால் பிறகு வம்பில்லையாம். நான் மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் பச்சை போடேன். அவரு பக்கத்துல போயி நிக்கணும்ல, ஒத்துப் போவணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நான் அதை இன்னும் திறக்கவில்லை.