தகட்டுக்காரரின் சோதனை

ஒரு தகடுகூட யாருக்கும் மந்திரித்துக் கொடுக்காமல் தகட்டுக்காரர் என்று பெயர் வாங்கியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மைசூர் விஜயநகர் பார்க்கில் இருந்தார். காலேஜ் ஒன்றின் இயற்பியல் லேபில் காலம் தள்ளி ரிட்டயரானவர். யார் சிக்கினாலும் ‘தங்கத் தகடு’ என்று ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி அதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு, மறுநாளே தேங்காய், வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள்.

“சார், பொண்ணுக்கு வரனே அமையலை. ஒரு தகடு எழுதிக் குடுங்க.”

“அம்மா, இது அணு எப்படி இருக்குன்னு கண்டுபிடிச்ச தகடும்மா!”

“அணுவோ கிணுவோ, பலிக்குமா சார்?”

அவர் விடவில்லை. அந்தக் காலத்து விஞ்ஞானிகள் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சினார்கள். ஏறக்குறைய எல்லாமே நேரே ஊடுருவிப் போய்விட்டன. எப்போதோ ஒன்று மட்டும் மோதித் திரும்பி வந்தது. ஆகவே அணு பெரும்பாலும் காலி, நடுவில் மட்டும் கெட்டியாக ஒரு கரு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்மாள் தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு இதே பாடம் நாலு தடவை ஆயிற்று. ஐந்தாவதற்குப் பயந்து, பாட்டே ஓடாத இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் அவரைத் தாண்டி நடந்தேன். அப்பேர்ப்பட்ட உத்தமன் நான்!

ஒரு நாள் இயர்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்து அவரிடம் மாட்டிக்கொண்டேன். அவர் மடியில் ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகக் கோடுகள்.

“என்ன சார் இது?”

“நம்ம சோதனைதான். போற வர்றவங்களுக்கெல்லாம் ‘நமஸ்காரா’ங்கறேன். நிக்காம போனா ஒரு கோடு.”

“திரும்பி வந்தா?”

“என் சம்சாரம் போனதிலேர்ந்து பாக்கறேன், ஒருத்தரும் வரலை. அப்போ இங்க நடுவுல ஒண்ணும் இல்லைன்னுதானே சார் அர்த்தம்?” நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோடுகளில் எத்தனை என்னுடையவையோ! வெட்கமாக இருந்தது.

மறுநாள் “நமஸ்காரா” என்றார். பழக்க தோஷம், பத்தடி தாண்டிவிட்டேன். பிறகு திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பதறிப்போனார். “ஏன் சார், எதையாவது விட்டுட்டீங்களா?”

“இல்லை சார். அந்தத் தங்கத் தகட்டை இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஆரம்பித்தார். ஆல்ஃபா வரை வந்தவர் நிறுத்திவிட்டு நோட்டை மூடினார். மீதியை நான்தான் சொன்னேன். என் அப்பாவிடம்கூட அத்தனை ஆசையாக நான் பாடம் ஒப்பித்ததில்லை.