ராசா தங்கிப்போன ஊருக்கு ஒரு வாழ்த்துமடல்

கோபத்தோடு எழுதக்கூடாத ஒன்று உண்டென்றால் அது கல்யாண வாழ்த்துமடல்தான். நான் எழுதினேன். எழுதியதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டு, மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் ஒலிவாங்கியில் வாசிக்கவும் செய்தேன்.

கோபத்துக்குக் காரணம் என் தங்கையின் சம்பந்தி. இங்கிலாந்தில் ஒரு பழங்காலக் கிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எப்போதோ ஓர் அரசர் அந்த ஊருக்கு வேட்டைக்கு வந்து தங்கினாராம். (இவர் அங்கே குடியேறி ஐந்து வருடம். கதையைக் கேட்டால் அரசரின் குதிரைக்குக் கொள்ளு வைத்ததே இவர்தான்.) கல்யாணப் பேச்சுக்குக் கடல் தாண்டி வந்தவர், இங்கே லொங்குய் நகரில் தங்கையின் வீட்டில் அவள் ஊற்றிய தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்:

"எங்கட ஊரிலை கதவுக்கு நிறம் மாத்தவே அனுமதி எடுக்கவேணும். அவ்வளவு சரித்திரம். இஞ்சை என்ன, எல்லாம் நேற்றுக் கட்டினதுதானே."

தங்கை அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினாள். டோர்வல் விமான நிலையச் சமையற்கூடத்தில் இருபது வருடம் கால் கடுக்க நின்று வாங்கிய வீடு அது. மகள் வாழப்போகிற வீட்டார் தன்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அவளுடைய ஒரே பயம் அதுதான். வெளியே நதி உறைந்து கிடந்தது. உள்ளே நான் கேத்திலாகக் கொதித்தேன்.

உம்முடைய சரித்திரத்தை உமக்கே படிப்பிக்கிறேன் என்று அன்றே கணினியில் அவர் ஊரைத் தேடினேன். முதல் பந்தி: அரசர் தம் புது அரசியோடு அவ்வூரில் பல நாள் மகிழ்ந்திருந்தார். போதும். இரண்டாம் பந்தியை வாசிக்கக் கோபம் விடவில்லை. வாழ்த்துமடலில் மணமக்களை ஒரு பெரிய சோடிக்கு ஒப்பிடுவது முறை. மற்றவர்கள் சிவனையும் உமையையும் இழுப்பார்கள். நான் கவிஞன் அல்லவா?

கல்யாணத்தன்று புரோசார்ட் மண்டபத்தில், "அவ்வரசனும் அரசியும் போல் பிரியாது வாழ்க" என்று முடித்தேன். மாப்பிள்ளையின் தங்கை தன் மேசையிலிருந்த ஆங்கிலேய நண்பர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். மேசை விறைத்தது. ஒருவர் நாப்கினுக்குள் முகத்தைப் புதைத்தார். அவள் மேடையேறி என் காதுக்குள் சொன்னாள்: "அங்கிள், அந்த ராசா அடுத்த வருசமே அந்த ராணியின்ரை தலையை வெட்டிப்போட்டார்."

அதோடு இறங்கியிருக்கலாம். சம்பந்தி முன்வரிசையில் எழுந்து, படிக்காததுகளிடம் மடல் கொடுத்தால் இப்படித்தான் என்றார். ஒலிவாங்கியோ என் கையில்.

"ஆறு மாதமாய் ராசா ராசா எண்டு காவித் திரிஞ்சனீர். தலை வெட்டினதை ஏன் ஐசே மறைச்சனீர்?"

எங்கள் வம்சத்தில் சம்பந்தியை 'நீங்கள்' என்னாமல் 'நீர்' என்றவன் நான் ஒருவன்தான். ('ஓய்' என்பதுபோன்ற 'ஐசே' இலவச இணைப்பு.) மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்ததால் கல்யாணம் பிழைத்தது. தங்கை சிரிக்கவில்லை. நேரே போய்ச் சம்பந்திக்கு முன்னால் கைகூப்பி நின்றாள். அவளுக்காக வந்த கோபம் அவளைத்தான் குனிய வைத்தது. நான் மடையன்.

ஏழு மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை. பிறகொரு ஞாயிறு தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, மகளுக்குப் பிள்ளை கிடைக்கப்போகுது. எல்லாரும் பேர் தேடுறம். நீங்கள் தேடவேண்டாம்."

இன்று பிறந்தநாள் அட்டை எழுத நான் பேனா எடுத்தாலும் குடும்பமே சொல்லும் வசனம் அது. சம்பந்தியும் சொல்கிறார். அவர் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.