பஸ்மாவும் ஒரு டிரம் வெந்நீரும்

ஆகஸ்ட் மாதத்துப் பாகியோவில் வெந்நீர்க் குளியல் வேண்டுமென்றால் பணக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. மலை ஊர், விடாத மழை, தீராத முழங்கால் வலி. அடுப்பில் காயும் தண்ணீரில் முதலில் மனைவி பெர்பெத்துவா குளிப்பாள். அடுத்து மாமியார். என் முறை வரும்போது வாளியில் மழைத்தண்ணீர்தான் இருக்கும்.

சூரியனையே வேலைக்கு வைப்பதென்று முடிவெடுத்தேன். பழைய ஜன்னல் கண்ணாடி மூடிய மரப்பெட்டி, அதற்குள் கறுப்புப் பெயிண்ட் அடித்த செம்புக் குழாய், கிழிந்த மெத்தை சுற்றிய டிரம், எல்லாம் என் கைவேலை. ஒழுகிய இடங்களை என் பனியனைக் கிழித்துக் கட்டினேன்.

ஒருநாள் அதிசயமாக வெயில் அடித்தது. தாங்கி செய்ய மறந்திருந்ததால், வெயில் போகும் பக்கமெல்லாம் அந்தப் பெட்டியைக் கையாலேயே திருப்பிப் பிடித்துக்கொண்டு கூரைமேல் நின்றேன். மாலையில் டிரம்மில் ஆவி பறந்தது. துண்டும் சோப்புமாக இறங்கினேன். குளியலறை வாசலில் பெர்பெத்துவா நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"குளிக்கத்தான்."

"நாள் பூரா வெயில்ல உழைச்ச உடம்புங்க. தண்ணி பட்டா பஸ்மா வந்துடும்."

உழைத்துச் சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் நரம்பு நடுங்கும், அதுதான் பஸ்மா என்பது எங்கள் ஊர்ப் பயம். எங்கள் வீட்டில் அந்தப் பயத்தை வளர்த்தவன் நான். பாத்திரம் தேய்க்கச் சொன்னால் போதும், நாளெல்லாம் ஜீப்னி வண்டி ஓட்டிக் களைத்த கையை நீட்டி நடுக்கிக் காட்டுவேன்.

"இது வெந்நீர்டி" என்றேன்.

"போன வருஷம் பாத்திரம் தேய்க்க வெந்நீர் வெச்சுக் குடுத்தேனே. சூடோ பச்சையோ, தண்ணி தண்ணிதான்னு சொன்னது யாரு?"

நான்தான்.

மருமகனுக்கு ஒன்று ஆனால் ஜீப்னியை யார் ஓட்டுவது என்று மாமியாரும் உள்ளேயிருந்து கவலைப்பட்டார். இருவரும் நிதானமாகக் குளித்தார்கள். பெர்பெத்துவா பாடவும் செய்தாள். கதவிடுக்கில் வந்த ஆவியில் முழங்காலைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகையே வந்தது. டிரம் காலியானது.

விடிந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. இனி நவம்பரில்தான் வெயில். பெர்பெத்துவா காப்பி கொடுத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல் இருந்தது. மனசு இளகிவிட்டது.

"ராத்திரி பூரா நல்லா ஆறிடுச்சு. நடுக்கமும் இல்ல. இனி பஸ்மா வராது" என்று சொல்லி, நேற்று ராத்திரிப் பாத்திரங்களைக் காட்டினாள்.