இரண்டு பூச்சு சுண்ணாம்பு

சுண்ணாம்பு வாளியைக் கையில் எடுத்தவளுக்கு எதைப் பார்த்தாலும் அழுக்காகத்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். (எழுதுறத விட்டுட்டு சிரிக்கிறா, பாருங்க!)

கல்யாணமாகி இலங்கை மலையில் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் செவலை கட்டியிருக்கும். அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்த பசு. பால் குறையவும் என் வீட்டுக்காரர் விற்றுவிடலாம் என்றார்.

"வெறும் புல்ல போட்டா அது என்னங்க செய்யும்? கரட் கெழங்கு தழ போட்டுப் பாக்குறேன்."

"சரி புள்ள. தீவாளிக்கு கந்தப்பளை பால்காரரு வாறாரு. அன்னைக்கு கணக்கக் காட்டு. பாலு கூடியிருந்தா மாடு ஒனக்கு, இல்லாட்டி அவருக்கு."

எழுதத் தெரியாத எனக்கு அடுப்புக்கரியும் வாசல் சுவரும் போதாதா? ஒரு வாரம் புல், ஒரு வாரம் தழை. கறந்த பாலில் செம்புக்கு ஒரு கோடு. புல்லுக்குக் கதவின் இந்தப் பக்கம், தழைக்கு அந்தப் பக்கம். தழைப் பக்கம் கோடுகள் ஜன்னல் வரைக்கும் ஓடின. மலையில் கொழுந்து பறிக்கும்போதும் மனம் அந்தச் சுவரில்தான்.

"வேற எடத்துலயும் ஒரு கோடு போட்டு வையேன்டி," என்றார் மாமியார்.

"செவுரு எங்க அத்த ஓடிறப்போகுது?" என்றேன். (ஓடலதான்!)

தீபாவளிக்குத் தோட்டத்தில் சுண்ணாம்பு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ராமாயி முதலில் அடித்து முடித்துவிட்டு, "எங்க செவுத்து வெளிச்சத்துல ஒங்க வீடு இருட்டா தெரியுதுடி," என்றாள். விடுவேனா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பூச்சு அடித்தேன். (ஒண்ணோட நிப்பாட்டியிருந்தா கரி கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். ரோசம் விடல!)

தீபாவளியன்று பால்காரர் கயிற்றோடு வந்து நின்றார்.

"எங்க புள்ள கணக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

பெருமையோடு கையை நீட்டினேன். சுவர் பளிச்சென்று நின்றது.

"இங்கதாங்க... இதுக்கு அடியில. கரட் தழைக்கு ஜன்னல் வரைக்கும் ஓடுச்சுங்க."

பால்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லா அடிச்சிருக்கீங்க தாயி!"

செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. நான் புதுச்சேலையோடு படியில் உட்கார்ந்து அழுதேன்.

பொங்கலுக்கு அதே பால்காரர் ஒரு செம்புப் பாலோடு வந்தார். "தாயி, நீங்க சொன்ன கரட் தழதான் போட்டேன். மாடு கொட்டுது!" அந்தப் பாலில் போட்ட தேத்தண்ணியை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வாங்கிய கன்று மாடாகிக் கறக்கத் தொடங்கியதும், வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று என்று அவரே கோடு போட்டார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும், "வெள்ளையடிச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் பேத்தி இப்போது தேயிலைப் பூச்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரில் உள்ளதை இன்னொரு பெட்டியில் ஏற்றுவாள். பிறகு அவள் அண்ணன் வீட்டிலும் ஒன்று.

"எதுக்குடி இத்தன எடத்துல?"

"தீவாளி வருதுல்ல அம்மாயி!"