சுசிலா ரீச்சரின் மூன்றாவது கடிதம்

கிளினிக்கிலிருந்து வந்த மூன்றாவது கடிதம் ஊறுகாய்ப் போத்தலுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. குகநாதன் அதை இழுத்தெடுத்தான்.

"இதையும் திறக்கேல்லையோ?"

"திறக்காமலே தெரியும்," என்றாள் அவன் மனைவி சுசிலா. "கர்ப்பப்பைக் கழுத்துச் சோதனை. எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை."

"வருத்தம் இல்லாத ஆக்களுக்குத்தான் இது. வர முதல் பிடிக்கிறதுக்கு."

குகநாதனுக்கு இது விளையாட்டில்லை. சின்னம்மா மகன் ரதீசனின் மனைவி தாரகாவுக்கும் இதே கடிதங்கள் வந்தன. ரதீசன் அவற்றைத் திறந்தபோது அவள் அந்தப் புற்றுநோயில் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அவளுக்கு முப்பத்து நான்கு வயது.

விளக்கிச் சொன்னால் சுசிலா போவாள் என்று நினைத்து, தமிழில் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தான்.

"ஹெச்.பி.வி. எண்ட வைரஸாலதான் அனேகமா இது வாறதாம். கனபேருக்கு அது வந்து, தன்ர பாட்டில போயிடுமாம். சிலருக்குப் போகாமல் வருசக்கணக்காக் கிடந்து புற்றுநோயாக்குமாம்."

"எப்பிடித் தொத்துறது?"

குகநாதன் தாளை மறுபக்கம் திருப்பினான். அங்கே உதவி கிடைக்கவில்லை.

"உறவால."

சுசிலா அடுப்பைக் குறைத்தாள். "கலியாணத்துக்கு முதல் நீங்கள் பாரிசில நாலு வருசம் இருந்தனீங்கள்."

"ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினனான்."

"நாலு வருசமும் கோப்பை மட்டும்தானோ?"

அன்றைக்குக் குகநாதனுக்குச் சோறு வந்தது. கறி வரவில்லை.

இரண்டு நாள் கழித்து உண்மைக் காரணம் வெளியே வந்தது. லண்டனில் அவர்கள் இருக்கும் டூட்டிங் பகுதிக் கிளினிக்கில் அந்தச் சோதனையைச் செய்பவர் நேர்ஸ் மெற்றில்டா. வெள்ளிக்கிழமை மாலைகளில் சுசிலா படிப்பிக்கும் தமிழ்ப் பள்ளியின் செயலாளரும் அவர்தான்.

"காலமை அவவுக்கு முன்னால காலை மடக்கிக்கொண்டு படுத்திட்டு, பின்னேரம் அவவோட இருந்து தேத்தண்ணி குடிக்க என்னால ஏலாதப்பா."

இவ்வளவுதானா என்று குகநாதன் கிளினிக்குக்குப் போன் எடுத்து வேறு நேர்ஸ் கேட்டான்.

"புதுசா ஒரு பிள்ளை வந்திருக்காம். ஜதுர்ஷிகா."

சுசிலா தலையில் கைவைத்தாள். "சண்முகராசாவின்ர மகளோ? என்னட்டை ஆனா ஆவன்னா படிச்ச பிள்ளை."

கடைசியில் அவன் ரதீசனிடம் போனான். ரதீசன் டாக்ஸி ஓட்டுபவன். கதையைக் கேட்டு அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்து ஒரு வருடமாகிறது.

"லண்டனின்ர மற்றக் கரையில, பார்க்கிங் எண்ட ஊரிலயும் ஒரு கிளினிக் இருக்கண்ணை. எந்த ஏரியா ஆக்களும் போகலாம். அங்க அண்ணியை ஒருத்தருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கூட்டிக்கொண்டு போறன்."

வெள்ளிக்கிழமை என்றால் சுசிலா தமிழ்ப் பள்ளிக்கு லீவு எடுக்கவேண்டும். லீவுக்குக் காரணம் வேண்டும். 'பார்க்கிங்கில் வீடு பார்க்கப் போகிறோம்' என்று குகநாதன் பள்ளிக்குச் செய்தி அனுப்பினான். அரை மணித்தியாலத்தில் மெற்றில்டா சுசிலாவைப் போனில் அழைத்தார்.

"ரீச்சர், எங்களை விட்டிட்டுப் போறியளோ?" குரல் உடைந்திருந்தது. "அடுத்த வெள்ளி பிரியாவிடை வைக்கிறம். ஹோல் புக் பண்ணியாச்சு. பிள்ளையள் பேச்சுப் பாடமாக்குதுகள்."

சுசிலா கணவனைப் பார்த்த பார்வையில் பாரிஸ் சின்னக் குற்றமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ரதீசன் அவர்களைப் பார்க்கிங்கில் இறக்கிவிட்டு, காரோடு வெளியே நின்றான். இசபெல் என்ற போர்த்துக்கேய நேர்ஸ் சுசிலாவை உள்ளே அழைத்துப் போனார். குகநாதன் சுவரில் ஒட்டியிருந்த ஒரே சுவரொட்டியைப் பதினொரு தடவை வாசித்தான். பன்னிரண்டாவது தடவை முடிவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"நொந்ததோ?"

"கொஞ்சம் கூச்சமா, அந்தரமா இருந்தது. நோகேல்லை. இதுக்கோ நான் இவ்வளவு நாளும் ஒளிச்சுத் திரிஞ்சனான்?"

"ரிசல்ட்?"

"கடிதம் வருமாம். அதைத் திறக்கிறன்." பிறகு அவள் கையை நீட்டினாள். "அந்தக் கோப்பை கழுவின கையைத் தாங்கோ, போவம்."

கலியாணமான பதினெட்டு வருடத்தில் தெருவில் கைகோத்து நடந்தது இதுதான் முதல் தடவை. அப்படியே கார் வரைக்கும் வந்தார்கள்.

காரில் இடமில்லை. பின் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள், முன்னால் ஒருத்தி. மூவரும் சொல்லிவைத்தாற்போல் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரதீசன் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"கோவியாதேங்கோ அண்ணை, நீங்கள் ரெயினில வாங்கோ. இந்த அக்காமார் பார்க்கிங் ஆக்கள், இஞ்சை கிளினிக்கில எல்லாரும் தெரிஞ்ச முகமாம். ஒவ்வொரு வெள்ளியும் இப்பிடி மூண்டு பேரை நான் இதே சோதனைக்கு டூட்டிங்குக்கு, மெற்றில்டா அக்காவிட்டைக் கொண்டுபோய் விடுறனான்."