டூட்டிங்கில் ஒரு ரியாத் நவம்பர்

வாசகரே, ஊர் மாறினாலும் பஞ்சாங்கம் மாறாத ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். நீங்கள் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்குங்கள், போதும். முதுகுக்குப் பின்னால் குரல் வரும்: "ரியாத்திலை நாங்கள் இப்பிடிச் செய்யிறேல்லை." அதுதான் ஆள்.

இந்த இனத்தின் முழுமையான மாதிரி, லண்டனில் மகனோடு வசிக்கும் டூட்டிங் பஸ்தியாம்பிள்ளை. 1977 முதல் 1990 வரை, பதின்மூன்று ஆண்டுகள், ரியாத் பூங்கா ஒன்றில் தோட்ட மேற்பார்வையாளர். அந்தப் பதின்மூன்று ஆண்டுகள் அவருக்கு இன்னும் முடியவில்லை. பாலைவனத்தில் கோடை கொல்லும்; ஆகவே அங்கே தோட்டக்காரனுக்குச் சித்திரை பிறப்பதே நவம்பரில்தான். வெயில் தணிந்ததும் தக்காளி, கொத்தமல்லி எல்லாம் மண்ணுக்குள் போகும். இதில் ஒரு பிழையும் இல்லை. மூவாயிரம் மைல் தள்ளி உண்மையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மகன் வீட்டு நான்காம் மாடி யன்னலோரம் பதினான்கு மாதம் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, 1991 அக்டோபரில் தோட்டச் சங்கம் காய்கறி பயிரிட ஒரு துண்டு நிலம் கொடுத்தது. ஆறு மாதப் பரீட்சை. மார்ச் முடிவில் செயலாளர் வந்து பார்ப்பார். பாதி நிலத்திலாவது பயிர் நிற்காவிட்டால் துண்டு அடுத்தவருக்கு. காத்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர். தவறினால் மறுபடி யன்னல்.

நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கினார். விட்ட தண்ணீர் ஓடாமல் நிற்கவேண்டும் என்று பாலைவனத்தில் பாத்தியை நிலமட்டத்துக்கு ஒரு முழம் கீழே பள்ளமாக வெட்டுவார்கள். இவரும் ஆறு நீளப் பள்ளங்கள் வெட்டி, தோண்டிய மண்ணைக் கரையெல்லாம் வரம்பாகக் குவித்தார். பக்கத்துத் துண்டுக்காரி கனகவல்லி எட்டிப் பார்த்தார்.

"ஆரைப் புதைக்கிறதுக்கு அண்ணை உந்தக் கிடங்கு?"

"தக்காளிக்குத் தங்கச்சி."

"அப்ப சரி. அதைத்தான் புதைக்கப் போறியள். நவம்பரிலை இஞ்சை தக்காளி வராது அண்ணை."

"நீர் பாலைவனம் கண்டனீரோ?"

பாவம், கனகவல்லி கண்டதில்லை. வாதம் முடிந்தது. இந்த இனத்தோடு மோதுகிற எல்லாரும் இப்படித்தான் தோற்கிறார்கள்: தாங்கள் போகாத ஊரில் வைத்து.

பள்ளங்கள் மூன்றில் தக்காளி, மூன்றில் கொத்தமல்லி. மனைவி இம்மாகுலேற்றின் கையில் இரண்டு இறாத்தல் குளிர்நாட்டுப் பெரிய அவரை விதை மிஞ்சியது.

"இஞ்சேருங்கோ, இதை எங்கை போடுறது?"

"எங்கையாவது போடும். என்னைக் குழப்பாதையும்."

இம்மாகுலேற் வரம்பெல்லாம் சாணுக்கு ஒன்றாகக் குத்திவிட்டுக் கையைத் தட்டினார்.

பாலைவன விதிப்படி ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் நீர் ஊற்ற வேண்டும். ஆகவே மேலே வானம் ஊற்ற, இடக்கையில் குடையும் வலக்கையில் பூவாளியுமாக, சேறு சப்பாத்தை இழுக்க இழுக்க, கீழே அவரும் ஊற்றினார்.

"வானத்துக்குக் கையுதவியோ அண்ணை?" என்றார் கனகவல்லி.

டிசம்பரில் உறைபனி. முப்பத்தாறு தக்காளி நாற்றும் ஒரே காலையில் கறுத்தன. ஜனவரியில் பள்ளங்கள் குளங்களாகின, கொத்தமல்லி அழுகியது. இரண்டாவது குளத்தில் ஒரு சோடி வாத்துக் குடியேறியது. பெப்ரவரியில் பஸ்தியாம்பிள்ளை தோட்டத்துப் பக்கமே போகவில்லை. ஒன்பது நாள் தொடர்ந்து ரியாத் என்ற சொல்லையும் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டுவோமா என்று இம்மாகுலேற் மகனைக் கேட்டார்.

மார்ச் 28, சனிக்கிழமை. அபராதம் கட்டப் போகிறவர்போல் மனைவியின் பின்னால் நடந்து வந்தார். செயலாளர், உயரமான வெள்ளைக்காரக் கிழவர், முன்னமே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரம்புதோறும் இரட்டை வரிசையாக, ஆறங்குல உயரத்தில், பச்சைப் பசேலென்று, உறைபனிக்கும் அஞ்சாத அந்தக் குளிர்நாட்டு அவரை! அந்தக் குளிர்காலத்தில் சுற்றியிருந்த துண்டுகளில் அவரை தண்ணீர் நின்று அழுகிப்போயிருந்தது.

"வரம்பை உயர்த்தி, இடையிலே வடிகால் வெட்டி, நவம்பரிலேயே விதைத்திருக்கிறீர்கள்," என்று செயலாளர் தொப்பியைக் கழற்றினார். "நான் முப்பது வருடமாகச் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. எங்கே கற்றீர்கள்?"

வாசகரே, ஒரு மனிதர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது.

"ரியாத்தில்," என்றார் பஸ்தியாம்பிள்ளை.

துண்டு நிரந்தரமானது. செயலாளர் போனதும் இம்மாகுலேற் மெல்ல ஆரம்பித்தார்:

"வரம்பிலை போட்டது நானெல்லோ?"

"வரம்பு கட்டினது ஆர்?"

அடுத்த நவம்பரில் அந்தத் தோட்டத்தில் நான்கு பேர் ஒரு முழப் பள்ளம் வெட்டினார்கள். நான்காவது ஆள் கனகவல்லி. வாத்துகளுக்கு நல்ல காலம்.

சிரியுங்கள், தடையில்லை. ஆனால் நான் பள்ளத்தையும் வரம்பையும் விவரித்தபோது, "எங்கடை ஊரிலை அவரையை இப்பிடி நடுறேல்லையே" என்று உங்கள் உதடு ஒரு தடவை அசைந்ததா? அசைந்திருந்தால், தயவுசெய்து மண்வெட்டியைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.