திருகாணி போட்டு வைத்த பாட்டில்

அன்புள்ள கொழுந்தனாருக்கு அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும். என் சுகத்தைக் கேட்காதே, உன் அண்ணன் போய் எட்டு மாசம் ஆகிறது, அதில் உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படி.

போன வாரம் போனில், அந்தச் சோதனையைச் செய்துவிட்டாயா தம்பி என்று கேட்டேன். "எனக்கென்ன அண்ணி, இரும்பு மாதிரி இருக்கேன்" என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே பேச்சு, அதே குரல். அடுப்பில் வைத்தது தீய்ந்து பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். வாயால் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு முனை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா வீடு வீடாக வந்து, ஐம்பது தாண்டியவர்களுக்கு ஆளுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்தாள். மூடியிலேயே ஒரு குச்சி இருக்கும். காலையில் வெளிக்குப் போனதில் அந்தக் குச்சியால் கொஞ்சம் எடுத்து, மூடிக் கொடுத்துவிடவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தாலும் காட்டிக்கொடுக்குமாம், குடல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாமாம். உன் அண்ணன் பாட்டில்மேல் பேர், வயது, விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதினார். அத்தோடு சரி. "எனக்கென்னடி, இரும்பு மாதிரி இருக்கேன். மூடி நல்லா இறுக்கமா இருக்கு, துரு ஏறாது" என்று உள்ளே இருந்த மருந்துத் தண்ணியைக் கொட்டிக் கழுவி, தையல் மெஷின் ரிப்பேருக்கு வைத்திருந்த பொடித் திருகாணிகளைப் போட்டுக்கொண்டார். இரும்பு மாதிரி இருந்தவர் இரும்பைத்தான் போட்டார். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதானே இருந்தேன். அப்புறம் ரத்தம் போனபோது மூலம் என்றார், சூடு என்றார், நானும் தலையாட்டினேன். வெளியூர்ப் பெரிய டாக்டர், "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சுலபமா முடிச்சிருக்கலாம்மா" என்றபோது எனக்கு அந்த பாட்டில்தான் கண்ணில் நின்றது. கூடப் பிறந்தவங்களும் பார்த்துக்கணும் என்று அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். கூடப் பிறந்தவன் நீ ஒருத்தன்தான்.

போன மாசம் நர்ஸம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை மறுநாளே சொன்னபடி செய்து, பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அதே அலமாரியில் அவருடைய பாட்டிலும் காகிதத்தில்தான் இருந்தது, தூசி படக்கூடாதென்று நான் சுற்றி வைத்தது. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் திரும்பி, "என்னம்மா, உங்களது கலகலங்குது" என்றார். "உங்களதை நீங்க பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் பாவம், அதற்கப்புறம் தன்னுடையதைக் காதோரம் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரி மெஷினுக்குத் திருகாணி கேட்டு வந்தாள். கை வேலையாக இருந்தேன். அலமாரியில பாட்டில் இருக்கு, நீயே எடுத்துக்கோ என்றேன். காகிதத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மெல்லமாக, "அக்கா, இது திருகாணி இல்ல" என்றாள். அவள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் தண்ணி கூடக் குடிப்பதில்லை.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது, உன் அண்ணன் பேருக்கு. தாங்கள் கொடுத்தது சோதனைக்கு ஏற்றதாக இல்லை, அதில் மூன்று திருகாணிகள் இருந்தன, விழுங்கியிருக்கலாம் என்று டாக்டர் கவலைப்படுகிறார், வயிற்றை எக்ஸ்ரே எடுக்க வருகிற இருபதாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தாங்கள் நேரில் வரவும் என்று இருந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்து, வந்தது நிற்கவில்லை. எட்டு மாசமாக எந்தக் காகிதம் வந்தாலும் அவர் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டுத்தான் வருகிறது. இதில் வெறும் திரு. தாங்கள் வரவும் என்று அவரை ஒரு இடத்தில் கூப்பிடுகிறார்கள். நாலு தடவை படித்தேன்.

ஆனாலும் ஊரை ஏமாற்றக்கூடாது என்று மறுநாளே போய், அவர் இல்லம்மா, போயி எட்டு மாசமாச்சு என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பேனாவை எடுத்து அவர் பேரை அடித்துவிட்டாள். கதை முடிந்தது. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நானும் வேறு பாட்டில் வாங்கி ஒழுங்காகக் கொடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. அவரும் அன்றைக்கு இதைத்தானே செய்திருக்கவேண்டும், காலையில் ஐந்து நிமிஷ வேலை.

இதோடு உனக்கும் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். பேர், வயது நானே எழுதிவிட்டேன். போடவேண்டியதைத் தவிர வேறு எதையும் இதில் போட்டு வைக்காதே. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிடு, இதற்காக வேலையை விட்டு இவ்வளவு தூரம் வரவேண்டாம். நான் தைரியமாகத்தான் இருக்கிறேன்.

நீ நூறு வயது இருக்கவேண்டும் என்று சொல்லமாட்டேன், என்னைவிட ஒரு நாளாவது கூட இரு. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: தம்பி, நர்ஸம்மாவிடம் அவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். "சார் வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு, புதன்கிழமை வந்துடுவாரு" என்று வாயில் வந்துவிட்டது. அவர் பேரை அவள் அடிக்கவில்லை. அந்தப் புதன்கிழமை நீ கட்டாயம் வா. உன் பாட்டிலை இங்கேயே கொடுக்கலாம், நான் கூட வருகிறேன். உண்மையையும் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்குக் கூடம் நிறைய ஆள் இருக்கும், உன் அண்ணன் பேரைச் சத்தமாகத்தான் கூப்பிடுவார்கள். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திரு. கூப்பிட்டதும் அவசரப்பட்டு எழுந்து எதுவும் சொல்லிவிடாதே. யாரும் எழவில்லை என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவார்கள்.